தக்கலையிலிருந்து தோவாளைக்கு, மன்னிப்புக் கேட்க

போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒரு புதன்கிழமை இந்தப் பயணம் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் பதினேழு கிலோமீட்டர், அங்கிருந்து தோவாளை பத்து. இந்த இருபத்தேழு கிலோமீட்டருக்குப் புறப்பட எனக்கு எட்டு வருஷம் பிடித்தது.

அதற்கு முந்தின ஞாயிறு ஆலயத்தில் போதகர் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். உங்கள் பாவம் ஒன்றை எழுதிப் போடுங்கள், யாரும் வாசிக்க மாட்டோம், எரித்துவிடுவோம் என்றார். பக்கத்தில் இருந்த செல்லத்தாய் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு இன்னொரு துண்டு கேட்டாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். அந்தப் படிப்பை வைத்து வேதத்தைப் பதினொரு தடவை முழுசாக வாசித்திருக்கிறேன். மூன்று பேரப்பிள்ளைகளும் சங்கீதம் மனப்பாடம் சொல்வது நான் சொல்லிக்கொடுத்து. புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை இருபது வருஷம் நடத்தியிருக்கிறேன். எனக்கு என்ன பாவம்? கடைசியில் "கோபம்" என்று எழுதி மடித்துப் போட்டேன். கோபம் எல்லாருக்கும் உள்ளது, அதை எழுதினால் ஒரு குறைச்சலும் இல்லை.

வீட்டுக்கு வந்தும் அது உறுத்தியது. ஒரு பாவமும் இல்லாத மனுஷி உண்டா? ஜெபக்குறிப்பு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கூட்டத்துக்காக நான் எழுதிவைக்கிற நோட்டு. எட்டு வருஷத்துக்கு முந்தினது ஒன்றில் என் கையெழுத்தில் இருந்தது: "ராஜத்தின் மகள். மனசுக்கு மாத்திரை. கல்யாணம் தடையில்லாமல் நடக்க."

ராஜம் அடுத்த வீட்டுக்காரி, என்னைவிட ஆறு வயசு இளையவள். மகள் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறாள் என்று என்னிடம் மட்டும் அழுது சொன்னாள். நான் அதைப் பதினேழு பெண்கள் முன்னால், பெயரைச் சொல்லி, ஜெபக்குறிப்பாக வைத்தேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலை, இரண்டு ஞாயிறு வாசித்தாகியிருந்தது. மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். ராஜம் வீட்டை விற்றுவிட்டுத் தோவாளையில் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டாள். ஒரு குடும்பம் சபையை விட்டுப் பின்வாங்கிப் போயிற்றே என்று அதற்கும் ஜெபித்தேன். அதுவும் நோட்டில் இருக்கிறது.

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இதை எழுதட்டுமா என்று பிறகு போனில் கேட்டதற்கு ராஜம், "உங்களப் பத்தி எழுதுங்க" என்றாள்.

காலை 7.10-க்குத் தக்கலையில் நாகர்கோவில் டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை. ஆனாலும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், செக்கிங் வரும். வில்லுக்குறியில் ஒரு தடவை, பார்வதிபுரத்தில் ஒரு தடவை, இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். 8.05-க்கு நாகர்கோவில். வெறுங்கையோடு போகக் கூசி, அரைக் கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினேன், இருநூறு ரூபாய். 8.30-க்கு ஆரல்வாய்மொழி பஸ், அதற்கும் காசு இல்லை. வெள்ளமடம் தாண்டியதும் மலை பக்கத்தில் வரும். தோவாளை 9.05.

நிறுத்தத்தில் ஆட்டோ பிடித்தேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய்.

"பூ வாங்கவா பாட்டி? சந்தை விடியக்காலமே முடிஞ்சுதே."

"பூவுக்கு இல்ல மக்கா. ஒருத்திகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்போ வண்டிய நிறுத்திப் போடவா, போகவா? சில எடத்துல ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்திருவாங்க."

"போ நீ. எம்புட்டு நேரம் ஆகும்னு எனக்கே தெரியாது."

ராஜம் வாசலில் இருந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"யாரு இது! என்ன, கர்த்தர் அனுப்பினாரோ?"

"இல்ல ராஜம். நானாத்தான் வந்தேன்."

"கையில என்ன?"

"சிப்ஸ்."

"கல்யாண வீட்டுக்கா வந்திய? அதுதான் நடக்கல்லியே."

உட்காரச் சொல்லவில்லை. வழியில் மூன்று வேதவசனம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றையும் எடுக்கவில்லை. "நீ நம்பிச் சொன்னத நான் கூட்டத்துல சொன்னேன். ஜெபத்துக்குன்னு சொன்னேன். ஆனா எனக்குத்தான் முதல்ல தெரியும்னு காட்டத்தான் சொன்னேன்." அந்தக் கடைசி வார்த்தையை அதுவரை எனக்கு நானே கூடச் சொன்னதில்லை.

"அழுதுகிட்டே சொன்னியளாம்" என்றாள். "நீங்க அழுததுனாலதான் எல்லாரும் நம்பினாங்க, கேட்டியளா? அவ மாத்திரய நிறுத்தி அஞ்சு வருஷமாச்சு. நாகர்கோவில்ல ஒரு லேப்ல வேலைக்குப் போறா. கல்யாணம்னு பேச்செடுத்தா எழும்பிப் போயிருவா."

"மன்னிச்சிரு ராஜம்."

"எனக்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? நீங்க பதினேழு பேருகிட்டல்லா சொன்னிய? அங்க போய்ச் சொல்லுங்க. உங்க பேரைச் சொல்லுங்க. எனக்க மகளுக்க பேரு இனி யாரு வாயிலயும் வரப்பிடாது."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கருப்பட்டிக் காப்பி தந்தாள், குடித்தேன். சிப்ஸைத் திருப்பி என் கையிலேயே தந்தாள்.

திரும்பி நடந்தே நிறுத்தத்துக்கு வந்தேன். 10.40 பஸ், வீடு சேர 12.30. போகும்போது இருந்ததைவிட வரும்போதுதான் மனசு அதிகம் தந்திரம் பண்ணியது. நாலு பேரிடம் தனித்தனியே சொன்னால் போதாதா? அடுத்த வாரம் சொல்லக்கூடாதா? இருபது வருஷமாகப் பிறருக்கு மனந்திரும்புதல் சொன்ன வாய் எனக்கு மட்டும் தவணை கேட்டது. இன்றைக்கே என்று முடிவு பண்ணினேன்.

நாலு மணிக்குக் கூட்டம். பதினாலு பேர் வந்திருந்தார்கள். பாட்டுக்கு முன்னாலேயே எழும்பினேன். "ஒரு தாய் எனக்கிட்ட ரகசியமாச் சொன்னத நான் இங்க ஜெபக்குறிப்பாக்கினேன். அதுல ஒரு கல்யாணம் நின்னுபோச்சு. அதச் செஞ்சது நான்."

செல்லத்தாய் முக்காடு போட்டாள். "அப்போ இதுக்காக ஒரு நிமிஷம் ஜெபிப்போம்."

"ஜெபம் பெறகு. முதல்ல கேளு பிள்ளே. உங்க எல்லாருக்க பாவத்துக்கும் நான் அழுதிருக்கேன். எனக்குள்ளதுக்கு ஒரு நாளும் அழல்ல."

புதுசாக வந்த ஒரு மருமகள் மெதுவாகக் கேட்டாள், "யாரு ஆன்ட்டி அந்தப் பொண்ணு?"

"அதக் கேக்கப்பிடாது மோளே. அதத்தான் இவ்வளவு நேரம் சொல்லுதேன்."

அன்றே நோட்டைப் போதகரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கூட்டத்தை இப்போது வேறொருத்தி நடத்துகிறாள். நான் பின்னால் இருக்கிறேன். ஆரம்பத்தில் நாக்கு துடித்தது உண்மைதான்.

இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். துணைக்கு ஆள் வேண்டாம், ஆள் இருந்தால் நல்ல பிள்ளை ஆகப் பார்ப்போம். வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். "ஏதாவது மனசு நோகப் பேசியிருந்தால்" என்று இழுக்காதீர்கள், செய்ததைச் செய்தேன் என்று சொல்லுங்கள். மன்னிப்பு கிடைத்துத்தான் திரும்புவேன் என்றும் போகாதீர்கள், அது அவர்கள் கையில் உள்ளது. ஆலயத்தில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்காலில் நிற்கும்போது ஒருவர் முகமும் நினைவுக்கு வராவிட்டால் நிம்மதிப்படாதீர்கள். நான் அப்படித்தான் எட்டு வருஷம் நிம்மதியாக நின்றேன்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள், கமலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்ட பதினேழு பேரில் அவளும் ஒருத்தி. உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"எக்கா, மாப்பிள்ள வீட்டுக்கு அந்த வார்த்தையக் கொண்டுபோனது நான்தான்."

வாசலுக்கே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"தோவாளைக்கு பஸ் எத்தன மணிக்கு?"

"ஏழு பத்து" என்றேன். "நாகர்கோவில்ல எறங்கி மாறணும். ராஜத்துகிட்ட வரட்டுமான்னு முதல்ல போன் பண்ணிக் கேட்டுக்கோ. நான் கூட வரமாட்டேன்."