சிவப்புப் பட்டை காணாமல் போன காலை

திரேஸ்புரத்தில் வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் உண்டு, பராமரிப்பதும் நானேதான். பலத்த காற்று எச்சரிக்கை வரும் நாட்களில் அதன் உச்சியில் சிவப்புப் பட்டை போட்டுவிடுவேன். படகுக்காரர்கள் கயிறு விலையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்தப் பட்டையைப் பார்த்துவிடுவார்கள்.

சென்ற மாதம் ஒருநாள் காலை, வெப்சைட்டின் தோற்றத்தை அமைக்கும் பழைய தீம் அலுத்துப்போய்ப் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். லேப்டாப்பில் ப்ரிவியூ பார்த்தபோது படங்கள், எழுத்து, அன்றைய எச்சரிக்கைப் பட்டை எல்லாமே பளிச்சென்று தெரிந்தன. உடனே மாற்றிவிட்டேன்.

சற்று நேரத்தில் படகு வைத்திருக்கும் சேவியர் அண்ணன் கயிறு வாங்க வந்தார்.

"ஏளா, காத்து அடங்கிட்டு போல. பட்டைய எடுத்துட்டியே. இந்தா பொறப்படுதோம்" என்றார்.

"நான் எடுக்கலியே அண்ணே!"

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். பட்டை இல்லை. போன் திரையில் அந்த இடத்தையே மறைத்துவிடும் தீம் அது. எச்சரிக்கை இன்னும் இருக்கிறது என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று தன் ஆட்களைப் போனில் கூப்பிட்டு நிறுத்தினார். நான் பழைய தீமுக்கே மாற்றிவிட்டு, தெரிந்த படகுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். நல்லவேளை, யாரும் கிளம்பியிருக்கவில்லை.

இப்போது எந்தத் தீம் என்றாலும் சேவியர் அண்ணனின் கீறல் விழுந்த போனில், வெயிலில் நின்று பார்த்த பிறகே மாற்றுகிறேன். எச்சரிக்கை இல்லாத நாளிலும் அதைச் சொல்லிப் பச்சைப் பட்டை போடுகிறேன். எந்தப் பட்டையும் இல்லையென்றால் என்னைக் கேட்காமல் போகாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் வெப்சைட் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. பதினோரு பேர் கூப்பிட்டார்கள், எல்லாரும் கரையில் நின்றபடி.