கிளுவை வேலி இருந்த இடம்

இதை எழுத நினைத்துச் சில வருடங்கள் ஓடிவிட்டன. என் கணவரின் அண்ணன் மனம் வருந்துவாரே என்று ஒவ்வொரு முறையும் பேனாவை மூடிவிடுவேன். பத்தாவதோடு நின்றவள், நயமாக எழுதவும் வராது. மாரியாத்தாளைக் கும்பிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். கணவர் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசு நெஞ்சில் இறங்கி, படுத்தால் இழுப்பு வந்துவிடும். இனி அங்கே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பந்தல் போட்டுப் பாகல் வைத்தோம். காய்த்தால் அவர் தோட்டத்தோடு இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் அந்தத் தூசுக்குள்தான்.

பந்தலுக்கு முன்பே வேலி போய்விட்டது. கிளுவை மரத்தை நெருக்கமாக நட்டு, அதையே வேலியாக வளர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோவைக்கொடியும் பிரண்டையும் அதில் ஏறிக் கிடக்கும். உள்ளங்கை அகலத்தில் தேன்கூடு தொங்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் அதன் ஓரத்திலேயே கிடைக்கும். சுற்றியிருந்த தோட்டங்களெல்லாம் கம்பிவேலிக்கு மாறியபோதும் எங்களுடையது மட்டும் நின்றது.

"எத்தன எடத்தைத் தின்னுட்டு நிக்குது பாரு அம்மிணி," என்றார் கணவரின் அண்ணன், எங்கள் மூத்தவர். "பாம்புக்கும் ஓணானுக்குமா தோட்டம் வெச்சிருக்கறோம்? கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுனா கம்பெனி காம்பவுண்டாட்டம் இருக்குமில்ல?"

என் கணவர் சிரித்தார். ஜேசிபி வந்து வேலியை வேரோடு வாரிப் போட்டது.

பாகல் செழிப்பாகத்தான் ஏறியது. பந்தல் முழுக்க மஞ்சள் பூ. பிஞ்சு மட்டும் வளராமல் பழுத்து உதிர்ந்தது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தோம். மிச்சமிருந்த ஒன்றிரண்டு தேனீயும் அதில்தான் போயிருக்க வேண்டும். ஒருநாள் விடிந்ததும் பந்தலுக்குள் நின்று பார்த்தேன். பக்கத்துக் கம்பெனியின் மெஷின் சத்தம் கேட்டது. பூவில் எந்தச் சத்தமும் இல்லை.

ஊரின் அந்தக் கோடியில், கிளுவையை விட்டுவைத்த தோட்டத்தில் பாகல் சரம் சரமாகத் தொங்கியது. அந்த வீட்டுக்காரி சும்மா விடவில்லை. "ஏனுங்க்கா, தேனீ எங்க வேலியில குடியிருக்குதுங்க. உங்க கல்லுக்கால்ல வந்து குடியிருக்குமுங்களா?"

பிறகு ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் நாங்களே தொட்டுவைத்தோம். தொட்டது பிடித்தது. ஆனால் வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். அதற்குள் ஒரு மூலைகூட முடியாது. மூத்தவரும் வந்து குனிந்தபடி பூத் தொட்டார்.

"சம்பளம் கேக்காத ஈ செஞ்ச வேலைய, மூணு பேரு சேந்தும் முடிக்க முடியல பாரு புள்ள," என்றார் என் கணவர். அப்போதும் சிரிக்கத்தான் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

அந்தப் பந்தல் எங்களைக் காப்பாற்றவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் மறுபடி கம்பெனிக்குப் போகிறார். கம்பி ஓரமாகக் கிளுவைக் குச்சிகளை மூத்தவரே கொண்டுவந்து நட்டார். துளிர்த்து ஆள் உயரம் நிற்கின்றன. நாங்கள் கேட்காமலே ஆத்தா கொடுத்திருந்ததை, இப்போது தினமும் விளக்கேற்றிக் கேட்கிறேன்.

வேலியை எடுக்க நினைக்கிறவர் யாராவது இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். மூத்தவரைக் கெட்டவராக்க வேண்டாம். கேட்பவர் மனம் ஆற வேண்டுமென்று, தேனீ திரும்பி வந்துவிட்டதாகவும் சேர்க்க வேண்டாம். இன்னும் வரவில்லை.