மொட்டை மாடி கேட்டவர்

வேங்கிக்காலில் ஏரியை ஒட்டி வீடு கட்டிய புத்திசாலிகளில் நானும் ஒருவன். ஏரிக்குள் இருக்கும் கருவேலங்காட்டில், யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று யாரோ கோடையில் கஞ்சா பயிர் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி அத்தனையும் முழுகிப்போனது.

பிடுங்க வந்தவர் ஒரு வனக்காவலர். வெளிறிய காக்கி, ஒரு வாரத் தாடி. பத்தடிக்கு ஒருமுறை நின்று பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டுவார். மறுபடி மாட்டிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்குவார்.

மேடான இடம் என்று அழுகிய செடிகளை என் வேலியோரம் குவித்தார். குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

"செடி என்னுது இல்லீங்க, வேலியும் என்னுது இல்லீங்க" என்றேன். மனைவி வாசலில் நின்றதால் வீட்டை மட்டும் விட்டுவைத்தேன்.

"உங்கள யாரு சார் கேட்டா? நட்டவன் ஓடிட்டான். எனக்கு இத எரிச்சிடணும்னு உத்தரவு. மூணு நாளா பத்த வெக்கறேன், பொகைகூட வரல. வெயில் வந்தா காயவெக்க உங்க மொட்ட மாடி கெடைக்குமா?"

கஞ்சாவை, என் மாடியில்!

"மாடியில வடாம் காயுதுங்க" என்றேன், தூறலில் நனைந்துகொண்டே.

அவர் வானத்தைப் பார்த்தார். "நனையாம பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு, குவியலின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிண்டலா, நிஜமாகவே நம்பினாரா, இன்னும் தெரியவில்லை. அந்த முகத்தில் கிண்டல் செய்யக்கூடத் தெம்பு இல்லை.