ஒரு நூல் வித்தியாசம்

துவாரகாவில் என் வீட்டுச் சமையலறையில் அலமாரிக் கதவைப் பொருத்திய தச்சர் கேட்கிறார்: "மேடம், ஏக் ஸூத் கா ஃபர்க் ஹை. சலேகா?" ஒரு நூல் வித்தியாசம், பரவாயில்லையா என்கிறார். நூல் என்றால் அரைக்கால் அங்குலம். அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

அப்போது நாங்கள் இருந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் பால்கனியில், ஆபீஸ் விட்டு வந்ததும் மரத்தூளில் உட்கார்ந்துவிடுவார். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவின் மருந்துகளுக்கு ஒரு பெட்டி. அதன் மூலைகள் கோத்த விரல்கள்போல் சேரவேண்டுமாம். பலகை ஓரங்களில் வெட்டும் அந்தப் பல்லெல்லாம் ஒரே அளவில் அறுபட, முதலில் அறுக்கும் வாளுக்கு வழிகாட்டும் ஜிக் என்ற மரச்சட்டம் ஒன்று செய்தார். அதில் இம்மி பிசகினாலும் பல்லுக்குப் பல் பிசகு கூடி, கடைசிப் பல் இறங்காது.

"இன்னிக்கும் ஒரு நூல் இடிக்கறதுடி" என்று கட்டிலருகே துண்டுகளைக் காட்டுவார்.

"ஒரு நூல்தானே, போனாப் போறது. பெட்டியைப் பண்ணுங்கோ" என்பாள் அம்மா.

அவர் கேட்கமாட்டார். ஜிக்கைப் பிரித்து மறுபடி தொடங்குவார். அம்மா போகும்வரை மருந்துகள் பிளாஸ்டிக் பையிலேயே கிடந்தன.

காரியங்கள் முடிந்த வாரம் பற்கள் அத்தனையும் கச்சிதமாக இறங்கின. "இப்பப் பாருடி" என்று அப்பா திரும்பினார். கட்டிலை நாங்கள் மடக்கிப் பரணில் ஏற்றியிருந்தோம்.

"சலேகா, மேடம்?" தச்சர் மறுபடி கேட்கிறார். அம்மா மாதிரி போனாப் போறது என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த ஒரு நூல் இடுக்கில் விரலை வைத்துப் பார்க்கிறேன்.