ஒத்தாவியோ சுற்றிப் போன ஊர்கள்

இத்தாலியின் வெர்செல்லி சமவெளியில் நெல் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட வாரத்தில்தான் தெல்ஃபீனா அந்தப் பேச்சை எடுத்தாள். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தூக்கியவள், அந்த ஏப்ரலில் ஓய்வு பெற்றிருந்தாள். அவள் கணவன் ஒத்தாவியோ முந்தின வருஷமே பால் டேங்கர் லாரியின் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தான்.

"ஒவ்வொரு கோடையும் எங்கக்கா வீட்டு ஏரிக்கரையில உக்காந்து வாத்துக்கு ரொட்டி போட்டது போதும்," என்றாள். "இந்த வருஷம் நம்ம வண்டியிலயே போறோம். காசாலே, ஆஸ்தி, ஆல்பா, கெராஸ்கோ. பழைய கோயிலப் பாக்கணும், கோட்டையப் பாக்கணும், மலையில திராட்சைத் தோட்டத்து நடுவுல ரெண்டு நாள் தங்கணும். கடைசியா கடலு. லாரி ஓட்டுனவன வீட்ல வெச்சுக்கிட்டு ஊரானக் கேட்டு வழி தேடணுமா? நீயே பாதை போட்டுக் குடு."

ஒத்தாவியோ மறுப்புச் சொல்லவில்லை. அலமாரியின் மேலிருந்த பழைய வரைபடத்தை இறக்கி, சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தான். கையெழுத்து எப்படியோ, கோடு போடுவதில் அவனுக்கு நல்ல கை. சாயங்காலத்துக்குள் பாதை தயாராகிவிட்டது.

தெல்ஃபீனா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் கோட்டைத் தொடர்ந்து போனாள். ஆஸ்தியைத் தாண்டியதும் விரல் நின்றது.

"இங்கேர்ந்து ஆல்பா முக்கா மணி நேரம். நீ போட்ட வழியில போனா, கல்யாணத்துக்குன்னு கெளம்பி பிள்ளைக்குப் பேர் வெக்கிற அன்னிக்குப் போய்ச் சேருவோம்."

"நேர் வழி மலைப்பாதை. ரோடு மோசம்."

"எந்தக் காலத்து ரோடச் சொல்ற கெழவா? நீ அந்தப் பக்கம் கடைசியாப் போனது எப்ப?"

அவன் ரப்பரால் அழித்தான். திரும்பவும் போட்டான். நாலாவது தடவையும் கோடு அந்த இடத்துக்கு வந்ததும், நடு ஆற்றில் பாறையைக் கண்ட தண்ணீர்போல ஒதுங்கி வளைந்தது. அப்போதுதான் அவனுக்கே அது கண்ணில் பட்டது. வரைபடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் பென்சில் படாமல் வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவே மொந்தெஃபோஸ்கோ என்ற சின்ன எழுத்து. கடல் வேண்டுமென்று அவள் கேட்டிருந்தாள். கடலோர ஊரான சவோனா பக்கமும் கோடு இறங்கவில்லை, மேற்கே ஓடிவிட்டிருந்தது. மனசறிந்து அவன் செய்யவில்லை. கை தானாகச் செய்திருந்தது.

ஒத்தாவியோ குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஆகாது என்று உறவில் எல்லோருக்கும் தெரியும். விருந்தில் யாராவது ஒயின் பாட்டில் தக்கையைப் பிடுங்கினால், வண்டியைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என எழுந்து போவான். இத்தனை வருஷத்தில் தெல்ஃபீனாகூட அதை ஒரு பழக்கம் என்றுதான் எண்ணியிருந்தாள். அவனுக்கோ தக்கை கழன்ற கணத்தில் பெயிண்ட் கடை வாடை வரும். கூடவே கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதரும் வருவார். பால் லாரி ஓட்டிய காலத்தில் பனிமூட்டமான காலைகளில் அவர் பக்கத்து இருக்கையில் வந்து உட்காருவார். பேசமாட்டார். முகத்தை அவன் பக்கம் திருப்பவும் மாட்டார். பால் இறக்கும் இடம் வந்து என்ஜினை நிறுத்தியபின் பார்த்தால் இருக்கை காலியாக இருக்கும். பயம் என்று சொல்ல முடியாது, வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் இருப்பதைப்போல அவன் அவரோடு வாழ்ந்து வந்தான். மனசுக்குள் அவரை ஆர்தூரோ என்று பெயர் சொல்லித்தான் அழைப்பான்.

மே மாதம் பிறந்தது. பாதை முடிந்தபாடில்லை. தெல்ஃபீனா பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கும் இடத்தைத் தானே பேசி முடித்தாள்.

"இங்க பாரு," என்று கைபேசியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மொந்தெஃபோஸ்கோவாம். பழைய ஒயின் கிடங்க விடுதியாக்கி இருக்காங்க. மிலானோலேர்ந்து வந்த ஒரு பொண்ணு நடத்துது. காலை சாப்பாடு எங்க தெரியுமா? சிமெண்டுத் தொட்டிக்குள்ள. கதவு வெட்டி, ஜன்னல் வெச்சு, மேசை போட்டிருக்கா. கெட்டிக்காரி."

படத்தில் செங்கல் வளைவு ஒன்று இருந்தது. அதன் இடது தூணில் லாரி இடித்துப் பெயர்ந்த மூலை. அந்த மூலையை இடித்தது ஒத்தாவியோதான்.

எழுந்து வெளியே போனான். வாய்க்கால் கரையோடு மதகுவரை நடந்தான். நீர் நின்ற வயல்களில் வானம் கிடந்தது. கொக்குகள் அசையாமல் நின்றன. திரும்பி வந்தபோது தெல்ஃபீனா மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, முப்பத்தேழு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னான்.

அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. பால் லாரிக்கு வருமுன் ஒயின் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தான். மொந்தெஃபோஸ்கோவில் கம்பரோத்தோ என்ற வியாபாரி. மட்டமான ஒயினை வாங்கிப் போதைச் சத்து ஏற்றி மொத்தமாக விற்பவன். ஒரு பிப்ரவரி காலை, சரக்கு ஏற்ற ஒத்தாவியோ சீக்கிரமே போய்விட்டான். முற்றத்தில் பதினோரு நீல டிரம்கள் வரிசையாக நின்றன. கிடங்கு மேஸ்திரி ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தொட்டியில் ஊற்றினான். கம்பரோத்தோ ஒட்டகநிற மேல்கோட்டில், டிரம் ஒன்றின்மேல் கை வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தான். முற்றம் முழுக்கப் பெயிண்ட் கடை வாடை.

"தொட்டி கழுவுற மருந்து தம்பி," என்றான் கம்பரோத்தோ. "நீ போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வா."

கழுவுகிற மருந்தை ஒயின் நிறைந்த தொட்டியில் யாரும் ஊற்றுவதில்லை. அது ஒத்தாவியோவுக்குத் தெரியும். போய்க் காப்பி குடித்தான். வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு சவோனாவுக்கு ஓட்டினான்.

மூன்று வாரத்தில் செய்தித்தாளில் படங்கள் வந்தன. ஒயினில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்திருந்ததாம். சிலருக்குக் கண் போயிற்று, சிலருக்கு உயிரே போயிற்று. சவோனா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிய ஒருவர் சனிக்கிழமை இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கி, திங்கட்கிழமை இறந்திருந்தார். கம்பளித் தொப்பி போட்ட படம். ஆர்தூரோ பஸ்தொரீனோ என்று கீழே போட்டிருந்தார்கள்.

மறுவருஷம் நீதிமன்றத்தில் கேட்டார்கள், டிரம்களைப் பார்த்தாயா, முதலாளி அங்கே இருந்தாரா என்று. பார்த்தேன் என்றால், பார்த்துவிட்டு ஏன் ஓட்டினாய் என்பார்கள். இல்லை என்றான். பார்த்த வெளியாள் அவன் ஒருவன்தான். பழியெல்லாம் மேஸ்திரி தலையில் விழுந்தது. கம்பரோத்தோ சில மாதத்தில் வெளியே வந்து, எண்பத்தேழு வயதில் சொந்தக் கட்டிலில் செத்தான்.

"சாட்சி சொல்லிட்டு வெளிய வந்தேன்," என்றான் ஒத்தாவியோ. "செத்துப்போன ஆர்தூரோவோட சம்சாரம் தாழ்வாரத்துல பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. பேரு இயோலாண்டா. என்னைக் கூப்பிட்டு, பக்கத்துல உக்கார வெச்சு, பையிலேர்ந்து ஒரு கமலாப்பழத்த எடுத்து உரிச்சுப் பாதியக் குடுத்தாங்க. நீயும் எங்க வீட்டுக்காரர் மாதிரி உழைக்கிறவன், தூரத்துலேர்ந்து வந்திருப்ப, சாப்பிடுன்னாங்க. சாப்பிட்டேன் தெல்ஃபீனா. சாப்பிட்டுட்டு வண்டியேறி வந்துட்டேன்."

தெல்ஃபீனாவின் கையிலிருந்த பட்டாணித் தோல் அப்படியே இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்ம கல்யாணத்துல எங்கப்பாவுக்கு நீதான ஊத்திக் குடுத்த?"

"அது உங்க மாமா தோட்டத்து ஒயின். முந்தின நாளே போய் மூணு தொட்டியையும் மோந்து பாத்துட்டு வந்தேன்."

"எங்களுக்காக மோந்து பாக்க மட்டும் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

ஒன்பது நாள் அவள் அவனோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். தையல் அறையில் படுத்துக்கொண்டாள். வரைபடம் மேசையில் விரித்தது விரித்தபடி கிடக்க, அதன் ஓரத்தில் தட்டை வைத்து அவன் தனியாகச் சாப்பிட்டான். தக்கை எதுவும் திறக்காமலே அந்த நாட்களில் வாடை வந்தது. எதிர் நாற்காலியில், தெல்ஃபீனா உட்காருகிற இடத்தில், தொப்பிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் காலையில் அவள் வந்து பென்சிலை எடுத்தாள். ஆஸ்தியிலிருந்து மொந்தெஃபோஸ்கோவுக்கு நேராக ஒரு கோடு போட்டாள். அவளுக்குக் கோடு நேராக வராது, கோணலும் மாணலுமாகப் போயிற்று. அங்கிருந்து ஆல்பா, கெராஸ்கோ. பிறகு கீழே இறங்கி, சவோனாவில் போய் அழுத்தி நிறுத்தினாள்.

"பஸ்தொரீனோங்கற பேரு இன்னும் டெலிபோன் புஸ்தகத்துல இருக்கு. பேப்பர்ல வந்த அதே தெரு. நான் கூப்பிடல. கூப்பிட்டா வேண்டாம்னுடுவாங்க."

"போய் நான் என்னன்னு சொல்லுவேன்?"

"கோர்ட்டுல சொல்லாதத."

"இப்ப சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

"ஒனக்கு லாபம் தேடி நான் பாதை போடல," என்றாள் தெல்ஃபீனா.

ஜூன் இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். காசாலேயில் கோயில் பார்த்தார்கள். ஆஸ்தியில் சதுக்கத்து மரத்தடியில் ஐஸ்கிரீம் தின்றார்கள். தெல்ஃபீனா கோபுரங்களைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். மலையேறும் சாலை வழுவழுவென்று புதுத் தார் போட்டு நன்றாகவே இருந்தது. இரண்டு பக்கமும் கொடிகள் பூத்து முடித்து, மிளகு மணிபோலப் பிஞ்சு விட்டிருந்தன. ஒத்தாவியோவுக்கு எந்தத் திருப்பமும் மறந்திருக்கவில்லை. கியர் மாற்றும் இடங்களில் கை தானே மாற்றியது.

விடுதிப் பெண் நல்லவள். பெட்டியைத் தானே தூக்கினாள். மறுநாள் காலை தொட்டிக்குள் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். கூரையில் பழைய மூடித்துவாரம் வட்டமாக இருந்தது, அதற்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அந்த நீல டிரம்களை ஊற்றினது அந்த வழியாகத்தான். பேசினால் குரல் சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது.

"சாப்பிடுங்க ஐயா, ஹேசல்நட் கேக்கு நானே செஞ்சது," என்றாள் அந்தப் பெண். "இந்தச் சுவத்துல சிவப்புக் கறை எத்தனை வாட்டி தேச்சாலும் போகல. விருந்தாளிங்க அதுதான் அழகுன்னு சொல்றாங்க."

ஒத்தாவியோ சுவரைப் பார்த்தான். கறை அவன் தோள் உயரம்வரை இருந்தது. கேக்கை அவன் தொடவில்லை. தெல்ஃபீனா தன் பங்கைத் தின்றுவிட்டு, அவன் பங்கையும் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்று பேசியதை ஒரு நாளோடு முடித்துக் கிளம்பினார்கள்.

சவோனாவில் அந்தத் தெரு துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மிரெல்லா என்று பெயர் சொன்னாள். மகள். இயோலாண்டா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

வாசலில் நின்றபடியே ஒத்தாவியோ எல்லாவற்றையும் சொன்னான். டிரம்கள், மேல்கோட்டு, காப்பி, சாட்சிக்கூண்டு. அவன் முடித்ததும், "எங்கம்மாவுக்குத் தெரியும்," என்றாள் மிரெல்லா.

என்ன தெரியும் என்று ஒத்தாவியோ கேட்டான்.

"நீங்க பாத்திருக்கீங்கன்னு அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும். கூண்டுல நிக்கும்போது உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். கொஞ்சம் அன்பாப் பேசினா, பசியாத்தினா, மனசு மாறித் திரும்ப உள்ள போயிச் சொல்லிடுவான்னு நெனச்சாங்க. பழம் குடுத்தது அதுக்குத்தான். நீங்க கழிவறைக்குப் போறீங்கன்னு நெனச்சு, கோர்ட்டு மூடுற வரைக்கும் அந்தப் பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க. காவலாளி வந்து எழுப்பி விட்டாரு. சாகிற வரைக்கும் அதச் சொல்லுவாங்க. திட்டினதில்ல. 'அந்தப் பையன் வருவான்னு பாத்தேன்'னு சொல்லுவாங்க, அவ்வளவுதான்."

தெல்ஃபீனா ஒரு படி கீழே இறங்கி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுங்க," என்றாள் மிரெல்லா. "வக்கீலும் இல்ல, ஜட்ஜும் இல்ல, எல்லாரும் போயாச்சு. இருந்தாலும் எழுதிக் குடுங்க."

சமையலறை மேசையில் அவனை உட்காரவைத்து, கோடு போட்ட தாள் கொடுத்தாள். ஒத்தாவியோ ஒரு மணி நேரம் எழுதினான். அவள் வாங்கி நின்றபடியே வாசித்தாள். முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"ஆர்தூரோ இல்ல. எங்கப்பா பேரு அர்துயீனோ. பேப்பர்க்காரன் தப்பாப் போட்டான். அம்மா ரெண்டு வாட்டி கடுதாசி போட்டும் திருத்தல."

ஒத்தாவியோ அவளை நிமிர்ந்து பார்த்தான். முப்பத்தேழு வருஷம் பக்கத்து இருக்கையில் வந்தவரைத் தப்பான பெயரால் அழைத்திருக்கிறான். அதனால்தான் அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

"அடிச்சுத் திருத்தட்டுமா?"

"வேண்டாம். மொதல்லேர்ந்து எழுதுங்க."

எழுதினான். தேதி போட்டுக் கையெழுத்திட்டான். மிரெல்லா அதை நாலாக மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அன்றைக்குக் கடற்கரைக்குப் போகவில்லை. வண்டியை தெல்ஃபீனா ஓட்டினாள். அவள் நெடுஞ்சாலையில் ஓட்டியதே இல்லை. எண்பதைத் தாண்டாமல், பின்னால் வருகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினாள். ஒத்தாவியோ பக்கத்து இருக்கையில் இருந்தான்.

அதற்குப் பிறகு அவள் மேசையில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பேச்சும் கேலியும் மெல்ல மெல்லத் திரும்பின. தையல் அறையிலிருந்து திரும்ப மட்டும் அறுவடை முடியும்வரை ஆயிற்று. தொப்பிக்காரர் வருவது நிற்கவில்லை. பனிமூட்டம் இறங்கிய காலைகளில், ரொட்டி வாங்க வண்டியை எடுக்கும்போது வந்து உட்காருகிறார். ஒத்தாவியோ அவர் பெயரைச் சரியாகச் சொல்கிறான்.

அவர் இன்னும் முகத்தைத் திருப்பவில்லை.