உட்கார்ந்தால்தான் வலி

நான் வேலை பார்த்த தி.நகர் புடவைக் கடையில் உட்கார ஸ்டூல் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசரின் பார்வைக்குப் பயந்து யாரும் அதில் உட்காருவதில்லை. அதனால் இடுப்பு வலி அங்கே எல்லாருக்கும் உண்டு. எனக்கும் வலி என்றதும் "நிக்கிற வேலை, வராம இன்னா பண்ணும்?" என்றார்கள்.

என் வலி தலைகீழ். நின்றால் தேவலை, உட்கார்ந்தால் உயிர் போகும். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கோட்டூர்புரம் வரை நின்றுகொண்டே வருவேன். "மொதலாளி குட்த்து வெச்சவரு" என்று கூட வேலை செய்தவள் கிண்டலடிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டுப் பக்கம் சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் போட்டு நீவினார். கிளினிக் டாக்டர் தொட்டே பார்க்காமல், நிற்கிற வேலை என்று கேட்டதுமே மாத்திரை எழுதினார். உட்கார்ந்தால் ஏன் வலிக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒருநாள் காலை சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு முடிகிற இடத்தில் கட்டி. ரொம்ப அபூர்வமானதாம். அபூர்வமாக ஒன்று கிடைப்பதென்றால் லாட்டரியில் கிடைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

மருந்துக்குக் கரையாது, எலும்போடு வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நரம்பும் சேர்ந்து போகும், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்காது, கால் சந்தேகம்தான். உயிர் மிஞ்சினால் போதும் என்று சம்மதித்தேன். வெட்டினார்கள். பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கால் திரும்பவே இல்லை. பையும் குழாயுமாக வீல் சேரில் கிடந்தேன். வீட்டுக்காரர்தான் கழுவிவிட்டார். கூச்சமெல்லாம் கொஞ்ச நாளில் போய்விட்டது, ஆசையும் போய்விட்டது. ஆனால் சாகப் பயமாகத்தான் இருந்தது.

போன மாதம் மறுபடி ஸ்கேன். டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "பேஷன்ட் கொஞ்சம் வெளியே இருக்கட்டும்" என்றார். நம் ஊரில் கெட்ட சேதியை நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள், கூட வந்தவரிடம்தான் சொல்வார்கள். வீட்டுக்காரர் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் வராண்டாவில் விட்டுவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். எழுந்துபோய் ஒட்டுக்கேட்கவாவது கால் வேண்டாமா?

அவர் திரும்பி வந்தபோது சட்டைக் காலர் ஈரமாக இருந்தது.

"இன்னாவாம்?" என்றேன்.

"ஒண்ணும் இல்லமே. சத்து மாத்திரை எய்தி குட்த்துகீறாரு."

கட்டி திரும்ப வந்துவிட்டது, இனி வெட்டவும் இடமில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் குனிந்து வண்டியின் பிரேக்கை எடுக்கப் பார்த்தார். இரண்டு தடவையும் தப்பான பக்கம் இழுத்தார்.

"விடுய்யா" என்றேன். "போய் நல்லா அய்துட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"