தாளம் போடாத கால்

என் வலது கால் என் பேச்சைக் கேட்பதில்லை. நாற்பது வயதில் ஒரு மின்னஞ்சல் வந்துதான் எனக்கே அது தெரிந்தது.

இணையத்தில் ஒரு அழைப்பு பார்த்தேன்: தனிப் புல்லாங்குழலுக்கென்று புதிதாக எழுதிய மூன்று சின்ன உருப்படிகள். ஒவ்வொன்றும் ஒரே பக்கம், இரண்டே நிமிடம். நன்றாகத் தேறியவர்களுக்கு மட்டும் என்று மேலேயே போட்டிருந்தது. வெட்டி ஒட்டாத வீடியோவாக அனுப்ப வேண்டும். தேர்வானால் புதுச்சேரியில் ஒரு அரங்கில் வாசிக்கலாம். மூங்கிலில் தொடங்கி, கீ வைத்த உலோகக் குழலுக்கு நான் மாறிப் பல வருடமாயிற்று. கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசித்தே காலம் போய்விடுமோ என்று எரிச்சலில் இருந்தேன். அந்த மேடை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

முதல் உருப்படியில் பாதி வெறும் மூச்சு. இரண்டாவதில் ஊதிக்கொண்டே தொண்டையில் வேறொரு ஸ்வரம் பாட வேண்டும். மூன்றாவதில் தாளமே கிடையாது. ஒரு ஸ்வரம், பிறகு அமைதி. எந்த அமைதி எவ்வளவு நேரம் என்பது வாசிப்பவர் பாடு.

என் கணவர் கோட்டுச்சேரியில் கணக்கு வாத்தியார், சாயங்காலமானால் மிருதங்கம். கதவருகே நின்று கேட்டார்.

"இது பாட்டா, குக்கரா?"

"விசில் வந்தா எறக்கி வைங்க."

"தாளத்துல எடுப்பு எங்கன்னே தெரியலையே. எதைப் புடிச்சிக்கிட்டுக் கேக்குறது?"

வீடியோவை அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. வாசிப்பு நன்றாக இருக்கிறதாம். ஆனால் மூன்றாவதில் யாரோ தரையில் தட்டுகிறார்களாம், அமைதிகள் எல்லாம் ஒரே அளவாம். வேண்டுமானால் இன்னொரு முறை அனுப்பலாமாம்.

போட்டுப் பார்த்தேன். தட்டியது நான்தான். அமைதி வந்ததும் என் கால் எட்டு எண்ணி, ஆதி தாளத்தைச் சுத்தமாக முடித்துவிட்டுத்தான் அடுத்த ஸ்வரத்துக்கு வழிவிட்டது. கச்சேரிகளில் தொடையில் தட்டித் தட்டியே வளர்ந்த உடம்பு. அவமானத்தில் காது சுட்டது.

காலை நாற்காலியோடு கட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காரைக்கால்மேட்டுக்குப் போனேன். அலை திரும்பும்போது கால் கணுக்கால்வரை மணலில் இறங்கியது. இழுத்தேன், வரவில்லை; தட்டவும் முடியவில்லை. அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். கடற்காற்றில் குழல் பேசாது, அங்கே நின்று வாசிக்க முடியாது என்பதால் மணலைச் சாக்கில் அள்ளினேன்.

"மண்ணு எதுக்கும்மா? உப்பு மண்ணு, செவரு உதுந்துடும்," என்றார் மீன்காரம்மா.

"புல்லாங்குழல் வாசிக்கத்தான்க்கா."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீனை நறுக்கப் போய்விட்டார்.

துணி ஊறவைக்கும் டப்பில் மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, இரண்டு காலையும் புதைத்துக்கொண்டு வாசித்தேன். முதல் இரண்டு நாள் அமைதி வரும்போதெல்லாம் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் பயம் போய், ஒவ்வொரு அமைதியும் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டது. இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பினேன். தேர்வாகிவிட்டேன். வீடு முழுக்க மணல் கால்தடத்தோடு குதித்தேன்.

அரங்கில் டப் இல்லை. வழவழப்பான மரத்தரை, வெறுங்கால். முதல் வரிசையில் என் கணவர்.

மூன்றாவது உருப்படியின் முதல் அமைதியிலேயே அவர் கை தொடையில் விழுந்து, சுண்டு விரலில் எண்ண ஆரம்பித்தது. என் கட்டைவிரல் துடித்தது. அதை மானசீகமாக மணலுக்குள் அழுத்தினேன். அவர் ஐந்தில் இருக்கும்போதே ஊதினேன். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அடுத்த அமைதியை அவருடைய எட்டையும் தாண்டி நிறுத்திவைத்தேன். கால் அசையவில்லை. என் கால்! கடைசி ஸ்வரம் அடங்கியதும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

திரும்பும் பேருந்து கடலூரைத் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆதி போட்டுப் பாத்தேன். ரூபகம் போட்டேன். ஒண்ணும் நிக்கல. கைய மடியில வச்சிட்டேன்," என்றார்.

"அப்புறம்?"

"அப்புறந்தான் கேக்கவே ஆரம்பிச்சேன்."